684 பவுண்டு கொடுத்து என் பாம்புக்குச் சூடு வைத்த கதை

இன்னும் கோபம் இறங்கவில்லை. முன்னுக்குப் பின் முரணாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள். பாம்புக் கூண்டு வாங்க நினைக்கும் ஒரு ஆளாவது இதைப் படித்துவிட்டு நிறுத்தினால் போதும்.

லண்டனில் இருக்கிறேன். என்னிடம் இருப்பது ஜங்கிள் கார்ப்பெட் பைத்தான், குயின்ஸ்லாந்து மழைக்காட்டு மலைப்பாம்பு. கறுப்பில் மஞ்சள் பட்டை, அதனால் பெயர் மஞ்சு. (இங்கே இதை வளர்க்க லைசன்ஸ் தேவையில்லை. ஊரிலிருந்து படிப்பவர்கள் பதற வேண்டாம்.) கூட வேலை பார்த்தவர் வேறு நாட்டுக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போனது. பாதி நேரம் கொம்பில் சுருண்டு கிடக்கும், பாதி நேரம் தரையில் அலையும். ஐந்தடி ஆகிவிட்டது, பழைய பிளாஸ்டிக் டப் போதவில்லை.

தரையோடு கிடக்கும் பாம்பு என்றால் அடியில் ஒரு ஹீட் மேட் போட்டு ஒப்பேற்றிவிடலாம். கொம்பேறும் பாம்புக்கு அந்தச் சூடு போய்ச் சேராது, மேலிருந்துதான் இறங்க வேண்டும். மேல் கொம்பின் ஒரு முனை 31, 32 டிகிரி, மறுபக்கம் 25 வாக்கில். நடுவில் எங்கே படுப்பது என்று அதுவே பார்த்துக்கொள்ளும். கரண்ட் விஷயம், நாமே செய்து வீட்டைக் கொளுத்த வேண்டாம் என்று ரெடிமேடாகத் தேடினேன். அங்கே ஆரம்பித்தது சனி.

ஒரு ஆன்லைன் சந்தையில் கூண்டு செய்து விற்கும் கடை. நாலடி நீளம், இரண்டடி ஆழம், நாலடி உயரம், மேலே செராமிக் ஹீட்டர், அதற்குக் கம்பிக் கூடு, பல்ஸ் தெர்மோஸ்டாட் (கரண்டைத் துடிப்பு துடிப்பாக விட்டு சூட்டை ஒரே அளவில் வைக்கும் கருவி), கொம்புகள், எல்லாம் பொருத்தி வீட்டுக்கே வரும். விலை 720. போன் செய்தேன். எடுத்த ஆள் விலையைப் பற்றிப் பேசவே இல்லை. பாம்பின் பெயர் என்ன, எத்தனை கிராம், கடைசியாக எப்போது தோல் உரித்தது, எந்தக் கொம்பில் படுக்கப் பிடிக்கும் என்று கேட்டான். கால் மணி நேரம். டாக்டர்கூட என்னிடம் இவ்வளவு கேட்டதில்லை. "பட்டறையில் இரண்டு நாள் ஓட்டிப் பார்த்துத்தான் அனுப்புவோம், பிளக்கை மாட்டிப் பாம்பை விட வேண்டியதுதான்" என்றான். நான் விழுந்த இடம் அதுதான். சந்தைத் தளத்துக்கு வெளியே, பேங்க்கில் நேராகப் போட்டால் 5 சதவீதம் குறைப்பேன் என்றான். 36 பவுண்டு மிச்சம் என்று குஷியாக 684 அனுப்பினேன்.

கூண்டு பார்க்க அழகாகத்தான் இருந்தது. மாட்டினேன், விட்டேன். மறுநாள் மாலை வேலை முடிந்து வந்து பார்த்தால் கொம்பு ஒரு பக்கம் கழன்று தொங்குகிறது. சூட்டுப் பசையில் ஒட்டியிருக்கிறார்கள், அந்தப் பசை இளகிவிட்டது. மஞ்சு தரையில் தண்ணீர்க் கிண்ணத்துக்குள் கிடந்தது. முதுகில் கட்டைவிரல் அகலத்துக்குச் செதில் பழுப்பாகிச் சுருங்கியிருந்தது. டெம்பரேச்சர் கன்னை எடுத்து மேல் கொம்பைப் பார்த்தேன். 47. தெர்மோஸ்டாட் திரையோ சாதுவாக 24 காட்டுகிறது.

ஏன் என்று தேடினேன். சென்சார் வயர் பின்பக்க மூலையில், தரையில், கம்பெனியில் சுற்றிய கம்பி முடிச்சுகூட அவிழ்க்காமல் சுருளாகக் கிடந்தது. சூடு கூரையில், சென்சார் தரையில். தரை குளிர்ந்தே இருக்கிறது என்று நினைத்து ஹீட்டர் நாள் முழுக்க நிற்காமல் எரிந்திருக்கிறது. முடிச்சையே அவிழ்க்காதவன் இரண்டு நாள் எப்படி ஓட்டிப் பார்த்தான்? பல்ஸ் என்று சொன்ன தெர்மோஸ்டாட் வெறும் ஆன்-ஆஃப் ரகம். ஹீட்டரைச் சுற்றிக் கம்பிக் கூடு இல்லவே இல்லை, பில்லில் மட்டும் இருக்கிறது. எரியும் செராமிக்கைத் தொட்டால் நம் கையே பொசுங்கும். பாம்போ கதகதப்பு என்று அதன்மேலேயே சுற்றிக்கொள்ளும், தோல் வெந்த பிறகும் விலகாது.

போன் செய்தேன். முதல் நாள், "புது இடம், பழக ஒரு வாரம் ஆகும்." யாருக்கு, பாம்புக்கா ஹீட்டருக்கா? இரண்டாம் நாள், "சென்சாரை நீங்கள்தான் சரிபார்த்திருக்க வேண்டும்." மூன்றாம் நாள் ஒரு பெண் எடுத்து, அவர் கண்காட்சிக்குப் போயிருக்கிறார் என்றாள். அப்புறம் மெயில்: அளவு சொல்லிச் செய்த பொருள், திரும்ப எடுக்க முடியாது. பிறகு பதிலே இல்லை. சந்தைத் தளத்தில் கேட்டால், பணம் எங்கள் வழியாக வரவில்லையே என்கிறார்கள். பேங்க்கில் கேட்டால், பொருள் வந்துவிட்டது, இது மோசடி இல்லை, கடைக்காரரோடு உள்ள தகராறு என்கிறார்கள். 684 பவுண்டு! கால்நடை டாக்டர் செலவு தனி. அம்மாவிடம் சொன்னேன். "வீட்டுக்குள்ள பாம்பை வச்சிருக்கியே, அதுக்குச் செலவழிச்சு ஏமாந்தேன்னு வெளிய சொல்லாதடா" என்றாள்.

என்ன கவனிக்க வேண்டும் என்று விளக்கமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. கிரெடிட் கார்டில் கட்டுங்கள். 100 பவுண்டுக்கு மேல் போனால் 1974 நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவில் கார்டு கம்பெனியையும் பிடிக்கலாம், நான் 36 பவுண்டுக்கு அதை விற்றுவிட்டேன். "அளவு சொல்லிச் செய்தது" என்ற சாக்கு, நமக்கு மனசு மாறினால்தான் செல்லும். பழுதான பொருளை 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி 30 நாளுக்குள் திருப்பலாம். சென்சார் சூடு விழும் கொம்பின் உயரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். யார் என்ன சொன்னாலும் பாம்பை விடாமல் இரண்டு நாள் நீங்களே ஓட்டிப் பாருங்கள். கம்பிக் கூடு இல்லாமல் ஹீட்டரை மாட்டாதீர்கள். அவ்வளவுதான், வேறு எதுவும் இப்போது தோன்றவில்லை.

சிட்டிசன்ஸ் அட்வைஸுக்கு (இங்கே இலவசமாக ஆலோசனை தரும் அமைப்பு) போன் செய்து புகார் கொடுத்திருக்கிறேன். மஞ்சு பழைய டப்பில், செய்தித்தாள் மேல், முதுகில் வெள்ளை மருந்தோடு கிடக்கிறது, எலி வைத்தால் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சற்றுமுன் அந்த விளம்பரத்தைத் திறந்து பார்த்தேன். அதே படம், படத்தில் கம்பிக் கூடு பளபளவென்று இருக்கிறது. கீழே "இரண்டு மட்டுமே மீதம்" என்று போட்டிருக்கிறான்.