ஜெர்மானிய ‘விளையாட்டு’ச் சொற்களின் வேர் தேட எந்த இலவச அகராதித் தளம்?

ஜெர்மன் சொற்களின் வரலாற்றை இலவசமாகப் பார்க்கக் கிடைக்கும் தளங்களில் முதலிடம் டி.டபிள்யூ.டி.எஸ். எனப்படும் ஜெர்மன் மொழி மின்னணு அகராதித் தளத்துக்குத்தான். பெர்லின்-பிராண்டன்பர்க் அறிவியல் அகாதமி நடத்துகிறது. பதிவு, கட்டணம் எதுவும் கிடையாது. ஆனால் இத்தகைய தளத்தை எடைபோட, வேர் தெளிவாகத் தெரிந்த சொல் உதவாது. ‘விளையாட்டு’ போல அடம்பிடிக்கும் சொல் வேண்டும். ஜெர்மன், ஆங்கிலம், ஸ்வீடிஷ் முதலியவை சேர்ந்த ஜெர்மானிய மொழிக் குடும்பம் முழுமைக்குமாக இதற்கு இன்று ஒரே சொல் இல்லை. ஜெர்மனில் ஷ்பீல், ஆங்கிலத்தில் பிளே, ஸ்வீடிஷில் லேக் என்று ஆளுக்கொரு பக்கம் போய்விட்டன.

தேடுபெட்டியில் ஷ்பீல் என்று கொடுத்து, பொருள் விளக்கத்தைத் தாண்டி சொற்பிறப்புப் பகுதிக்குப் போங்கள். அங்கே வருவது வோல்ஃப்காங் பைஃபர் தலைமையில் கிழக்கு ஜெர்மனியில் தொகுக்கப்பட்டு 1989-ல் மூன்று தொகுதிகளாக வெளியான அகராதி. ஒரு சொல்லைத் தேடினால் அதன் குடும்பமே ஒரே பதிவில் வந்து நிற்கும். ஜெர்மனின் மிகப் பழைய எழுத்து வடிவமான பழைய உயர் ஜெர்மனின் ‘ஸ்பில்’ வரை போய், ஆட்டம், அசைவு என்ற பொருளைத் தொட்டு, அதற்கு மேல் வேர் தெளிவில்லை என்று ஒப்புக்கொண்டு நிறுத்துகிறது. இந்த நேர்மைக்காகவே அதை நம்பலாம். ஒன்று கவனிக்க வேண்டும்: ‘வோல்’ என்ற சிறு சொல் இந்தப் பதிவுகளில் ‘அநேகமாக’ என்ற பொருளில் வரும். அதை விழுங்கிவிட்டுப் படிக்கிறவர்கள்தான் ஊகத்தை உறுதியான செய்தியாகப் பரப்புகிறார்கள்.

தளத்தின் தரம் உண்மையில் தெரிவது ‘பைஷ்பீல்’ பதிவில். ‘உதாரணம்’ என்று பொருள்படும் இந்தச் சொல்லின் வாலில் ஷ்பீல் இருக்கிறது. ஆனால் விளையாட்டுக்கும் இதற்கும் உறவில்லை. அடுத்த கட்டமான நடு உயர் ஜெர்மனில் (இடைக்கால ஜெர்மன்) இது ‘பீஸ்பெல்’. ‘ஸ்பெல்’ என்றால் பேச்சு, கதை. நற்செய்தியைக் குறிக்கும் ஆங்கில ‘காஸ்பெல்’ என்பதன் பின்பாதியும் அதுவே. பின்னால் மக்கள் வாயில் அது ஷ்பீலாக மாறிவிட்டது. ‘ஷ்பீல்’ என்று முடியும் சொற்களையெல்லாம் மொத்தமாக அள்ளிப் பட்டியல் போடுகிறவர்கள் வழுக்கி விழும் இடம் இது. பைஃபர் பதிவைப் படித்தால் தப்பலாம்.

1600 முதலான பயன்பாட்டைக் காட்டும் வரைபடமும் தளத்தில் உண்டு. பார்க்க அழகு, இந்தச் சொல்லுக்குப் பயன் குறைவு. சொல்லை எண்ணுகிறதே தவிர பொருளைப் பிரிப்பதில்லை; சீட்டாட்டம், நாடகம், கால்பந்து எல்லாம் ஒரே கோட்டில் கலந்துவிடும்.

பெரிய குறை, வழக்கொழிந்த சொற்கள். ஆங்கில ‘கேம்’ என்பதன் இனச்சொல்லான ‘கமன்’ பழைய உயர் ஜெர்மனில் இருந்தது. இன்றைய ஜெர்மனில் இல்லை, எனவே நேராகத் தேடினால் கைக்கு வராது. ‘பிளே’யைப் பிடிக்கவும் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். அதன் ஜெர்மன் உறவாகப் பொதுவாகக் காட்டப்படும் சொல் ‘ஃப்லேகன்’: பேணுதல், வழக்கமாகச் செய்தல். கடமையைக் குறிக்கும் ‘ஃப்லிக்ட்’ இதிலிருந்து பிறந்தது. விளையாட்டும் கடமையும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் போலிருக்கிறது!

ஆங்கிலப் பக்கத்துக்கு, பழைய ஆங்கிலச் சொற்களைத் தரும் பாஸ்வொர்த்–டோலர் அகராதியே சரி. 1898-ல் முடிந்த மூலமும் 1921-ல் வந்த பிற்சேர்க்கையும் பிராக் நகரின் சார்லஸ் பல்கலைக்கழகத் தளத்தில் உள்ளன. இரண்டையும் சேர்த்தே படியுங்கள். மூலத்தின் பிழைகளைப் பிற்சேர்க்கை திருத்துகிறது. நெடிலுக்கு மேல் சாய்கோடு போடும் பழக்கம் இவர்களுடையது. மற்ற நூல்களில் வரும் கிடைக்கோட்டோடு சொல்லைத் தேடுபெட்டியில் ஒட்டினால் தலைச்சொல் அகப்படாமல் போகலாம். ‘ஸ்வெயொர்ட்ப்ளெகா’, அதாவது வாள் ஆட்டம், போரைக் குறிக்கும் கவிதைச் சொல் என்பது இங்கே தெரியவரும். ஸ்வீடிஷ் ‘லேக்’கின் பழைய ஆங்கில உறவான ‘லாக்’ பதிவு இன்னும் செழிப்பு: ஆட்டம், போர், பலி, காணிக்கை என்று பொருள்கள் விரிகின்றன. இன்றைய ஆங்கிலத்தில் அது ‘வெட்லாக்’ (திருமண உறவு) என்பதன் வாலாக மட்டுமே ஒட்டிக்கொண்டிருக்கிறது.

‘லாக்’கின் உறவு, மறைந்துபோன ஜெர்மானிய மொழியான கோதிக்கில் ‘லைக்ஸ்’. பைபிளின் லூக்கா 15:25-ல், ஊதாரி மகன் கதையில், மூத்த மகன் வீட்டருகே வரும்போது கேட்கும் நடனத்துக்கு நான்காம் நூற்றாண்டுக் கோதிக் மொழிபெயர்ப்பு போட்ட சொல் அது. இந்தச் சொற்குடும்பம் ஸ்காண்டிநேவியாவில் இன்றும் உயிரோடு இருக்கிறது. ஸ்வீடிஷில் குழந்தை தன் போக்கில் ஆடினால் ‘லேகா’. கால்பந்து, சீட்டு, வயலின் என்றால் ‘ஸ்பேலா’. பின்னது வட ஜெர்மனியின் தாழ் ஜெர்மனிலிருந்து வந்த சரக்கு. டேனிஷிலும் இதே பிரிவினை. 1934-ல் லெகோ என்ற பெயர் பிறந்ததும் ‘நன்றாக விளையாடு’ என்று பொருள்படும் டேனிஷ் தொடரிலிருந்துதான். ஸ்வீடிஷுக்கு 1893-ல் வெளிவரத் தொடங்கி 2023-ல் முடிந்த ஸ்வீடிஷ் அகாதமியின் அகராதியைப் பாருங்கள். சொற்பிறப்பு, பதிவின் தலைப்பகுதியில் சதுர அடைப்புக்குள் நெருக்கமாக இருக்கும். அந்தந்தத் தொகுதி வந்த காலத்து ஆய்வு அது என்பதை மறக்க வேண்டாம்.

கிரிம் சகோதரர்களின் அகராதி டிரியர் பல்கலைக்கழகச் சொற்களஞ்சிய வலையில் இருக்கிறது. 1854-ல் முதல் தொகுதி, 1961-ல் நிறைவு. ஷ்பீல் பதிவு மிக நீளம். பெயர்ச்சொற்கள் சிறிய எழுத்தில், விளக்கம் பல இடங்களில் லத்தீனில். மேற்கோள்களுக்கு இதை விஞ்ச ஆளில்லை. வேருக்கு வேண்டாம், அதற்கு பைஃபரிடமே திரும்புங்கள். நடு உயர் ஜெர்மன் வடிவம் மட்டும் வேண்டுமென்றால் அதே வலையில் லெக்ஸர் அகராதியைத் தேர்ந்தெடுத்தால் வேலை சீக்கிரம் முடியும்.