வடகடலில் இரண்டு நாள்: மண்டபம் அருகே ஒரு படகுப் பாதுகாப்புப் பயிற்சி

என் மைத்துனரும் நானும் கூட்டாக வாங்கிய பதினாறு அடி பைபர் படகில் விடுமுறை நாள்களில் தூண்டில் போடப் போவது வழக்கம். கடந்த ஆண்டு ஒரு மாலையில் கரை திரும்பும்போது, அருகே கடந்துபோன விசைப்படகு எழுப்பிய அலை எங்கள் படகைத் தூக்கிப் போட, பின்னால் அமர்ந்து இயந்திரத்தைப் பிடித்திருந்த மைத்துனர் கடலில் விழுந்தார். பிடி விட்ட இயந்திரம் ஒரு பக்கமாகத் திரும்பிக்கொள்ள, படகு வட்டமடித்து அவர் கிடந்த இடத்துக்கே வந்தது. புரொப்பெல்லரில் கடற்புல் சிக்கி இயந்திரம் நின்றுபோனதால் அவர் பிழைத்தார். தவறு முழுவதும் எங்களுடையது. ஆள் விழுந்தால் இயந்திரத்தை நிறுத்துவதற்கென்றே பொருத்தப்பட்டுள்ள சிவப்புச் சுருள்கயிறு, யாருடைய மணிக்கட்டிலும் மாட்டப்படாமல் தொங்கிக்கொண்டிருந்தது. இதை என் தங்கையிடம் நெடுநாள் ஒளித்துவைக்க முடியவில்லை. அவள் போட்ட நிபந்தனையின் பேரில்தான் இந்தப் பயிற்சியில் சேர்ந்தோம்.

பயிற்சி நடக்கும் இடம் மண்டபத்துக்கு மேற்கே, இங்குள்ளவர்கள் வடகடல் என்று அழைக்கும் பாக் விரிகுடாவின் கரையில் உள்ளது. நிறைகளோடு குறைகளையும் எழுதுவதால் நடத்துபவர்களின் பெயரைத் தவிர்க்கிறேன். இரண்டு நாளுக்கு ஆளுக்கு 6,500 ரூபாய். எங்கள் அணியில் எட்டுப் பேர். முடிவில் தரப்படும் சான்றிதழ் அவர்களுடையதேயன்றி அரசு உரிமம் அன்று என்பதைப் பணம் வாங்குவதற்கு முன்பே தெளிவாகச் சொன்னார்கள். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது.

முதல் நாள் முழுவதும் கீற்றுக் கொட்டகைக்குள் வகுப்பு. பயிற்றுநர் விவரம் அறிந்தவர். 1972ஆம் ஆண்டின் பன்னாட்டுக் கடல்வழி விதிகளை மணலில் இரண்டு செருப்புகளை நகர்த்தியே புரியவைத்தார். இயந்திரப் படகுகள் இரண்டு நேருக்கு நேர் வந்தால் இரண்டும் தத்தம் வலப்பக்கம் விலக வேண்டும். ஒன்றை ஒன்று குறுக்கே கடக்க நேர்ந்தால், மற்றப் படகைத் தன் வலப்புறத்தில் காண்பவர் வழிவிட வேண்டும். சாலையில் இடப்பக்கம் ஒதுங்கியே பழகிய நமது கைக்கு இது எவ்வளவு எதிரானது என்பது, செருப்பை நான் நகர்த்தியபோதுதான் உறைத்தது. மூன்று முறையும் இடப்பக்கமே தள்ளினேன். இரவில் எதிரே வரும் படகின் சிவப்பு விளக்கு அதன் இடப்பக்கத்தையும் பச்சை விளக்கு அதன் வலப்பக்கத்தையும் காட்டும் என்பதும், அவசரத்துக்கு வி.எச்.எஃப். என்னும் வானொலித் தொடர்புக் கருவியில் 16ஆம் அலைவரிசையில் அழைக்க வேண்டும் என்பதும், கடலோரக் காவல்படையின் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 ஆகிய இலவச எண்களும் அன்றே மனப்பாடமாயின.

ஆனால் திரையில் ஓடிய படங்கள் அனைத்தும் வேறு யாருடைய கடலோ. வரிசையாக வெள்ளைப் பாய்மரப் படகுகள் கட்டப்பட்ட துறைகள், பைன் மரங்கள் சூழ்ந்த ஏரிகள், அவற்றோடு அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் கணக்கு: 2023இல் பொழுதுபோக்குப் படகு விபத்துகளில் 564 பேர் இறந்தார்கள், காரணம் தெரிந்த இறப்புகளில் நான்கில் மூன்று நீரில் மூழ்கியதால் நேர்ந்தவை, அப்படி மூழ்கியவர்களில் விவரம் தெரிந்தோருள் 87 விழுக்காட்டினர் லைஃப் ஜாக்கெட் அணியாதவர்கள். எண்கள் வலுவானவைதாம். எனினும் 2011 கிறிஸ்துமஸ் நாளில் பழவேற்காடு ஏரியில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்ததையோ, 2017 பிப்ரவரியில் மணப்பாடு கடலில் உல்லாசமாகச் சென்றவர்கள் மாண்டதையோ ஒரு வரியில்கூடச் சொல்லாமல் அந்தக் கணக்கை மட்டும் காட்டியது எனக்கு உறுத்தியது. பாம்பன் துறைமுகத்தில் ஏற்றப்படும் புயல் கூண்டின் எண்களுக்கு என்ன பொருள், மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்காவாக இருப்பதால் வனத்துறையின் அனுமதியின்றி அங்கே இறங்கக் கூடாது என்பது, 1974, 1976 உடன்படிக்கைகளின்படி வகுக்கப்பட்ட இலங்கை எல்லை தனுஷ்கோடிக்கு எவ்வளவு அருகில் ஓடுகிறது என்பது போன்றவை பாடத்திலேயே இல்லை. இராமநாதபுரம் கரையில் படகை இறக்குபவருக்கு முதலில் தேவைப்படுவது இவைதானே!

மதியச் சாப்பாடு நன்றாக இருந்தது.

இரண்டாம் நாள் காலைக்காக மட்டுமே அந்தக் கட்டணத்தைக் கொடுக்கலாம். உதவிக்கு வந்திருந்தவர் தங்கச்சிமடத்துப் பெரியவர் ஒருவர். நாற்பது ஆண்டுகள் வத்தை, வல்லம் எனப்படும் நாட்டுப் படகுகளில் மீன்பிடித் தொழில் செய்தவராம். படகில் ஏறும் முன் அவர் கேட்ட முதல் கேள்வி, "இன்னைக்குக் காத்து எங்கேயிருந்து அடிக்குது, சொல்லுங்க பாப்போம்?" என்பதுதான். எட்டுப் பேரில் ஒருவருக்கும் விடை தெரியவில்லை. "கச்சான் அடிச்சா தென்கடலு கொதிக்கும், வடகடலு பாய் விரிச்ச மாதிரி கெடக்கும். வாடை வந்துட்டா அப்படியே மாறிடும்" (கச்சான் என்பது தென்மேற்குக் காற்று, வாடை வடக்கேயிருந்து வருவது, தென்கடல் என்பது மன்னார் வளைகுடா) என்றவர், பாம்பன் கால்வாயிலும் நீவாடு, அதாவது நீரோட்டம், அதற்கேற்பத் திசை மாறி, பாலத்தின் தூண்களுக்கிடையே இழுக்கும் என்பதைக் குச்சியால் வரைந்து காட்டினார். வடகடல் ஆழம் குறைந்தது என்பதால், காற்று எழுந்த சற்று நேரத்திலேயே அலைகள் குட்டையாகவும் செங்குத்தாகவும் நெருக்கமாகவும் வந்து சிறு படகை அடிக்கும் என்றும், நண்டு வலையின் மிதவைகளைக் கண்டால் இரண்டு மிதவைகளுக்கு நடுவே புகாமல் சுற்றிப் போக வேண்டும் என்றும் அவர் சொன்ன அரைமணி நேரம், முந்தைய நாளின் ஆறு மணி நேரத்துக்கு ஈடானது. அவரை உதவியாளராக நிறுத்திவைத்திருப்பது நிர்வாகத்தின் பிழை.

பிறகு மார்பளவைத் தாண்டிய நீரில் எங்களை இறக்கினார்கள். எனக்கு நீச்சல் தெரியும் என்பதால் லைஃப் ஜாக்கெட்டின் வார்களைத் தளர்வாகவே மாட்டியிருந்தேன். குதித்த மறுகணம் உடல் கீழே போக, ஜாக்கெட் மேலே ஏறிக் காதுகளை அடைத்துக்கொண்டு மோவாயைத் தள்ளியது. கைகளால் அதைக் கீழே இழுத்துப் பிடித்தபடி நீந்தவும் முடியவில்லை, கத்தவும் முடியவில்லை. தொடைகளுக்கிடையே மாட்டும் பட்டை எதற்கு என்பது அப்போது புரிந்தது. எங்களுக்குத் தந்தவை 50 நியூட்டன் மிதப்பு விசை கொண்ட வகை என்று உட்பக்கச் சீட்டில் அச்சிட்டிருந்தது. நீந்தத் தெரிந்தவருக்கு, உதவி அருகே இருக்கும்போது மட்டுமே அது போதும். மயங்கியவரின் முகத்தை மேல்நோக்கித் திருப்பும் என்று அதை நம்பக் கூடாது. கரையோரக் கடலுக்கு 100, ஆழ்கடலுக்கு 150 என்று வகுப்பில் சொல்லிவிட்டு, பயிற்சிக்கு 50ஐக் கொடுத்ததற்கு விளக்கம் கேட்டேன். புதியவை வரவிருக்கின்றன என்றார்கள்.

எல்லாவற்றிலும் கடினமானது திரும்பப் படகில் ஏறுவது. இயந்திரத்தை நிறுத்திவிட்டு, உள்ளே இருந்தவர்கள் எதிர்ப்பக்கம் சாய்ந்து அமர, நான் விளிம்பைப் பற்றி உடலைத் தூக்கினேன். கால்கள் படகின் அடிக்குள் இழுபட்டன. நான்காவது முயற்சியில் முழங்கை நடுங்கிப் பிடி விட்டது. பெரியவர் ஒன்றும் பேசாமல், ஒரு துண்டுக் கயிற்றில் இறுகாத வளையம் போட்டு, விளிம்பின் கொண்டியில் கட்டி நீருக்குள் தொங்கவிட்டார். அதில் ஒரு காலை வைத்து மிதித்ததும் இடுப்பு மேலே வந்துவிட்டது. எங்கள் படகில் இப்போது அப்படி இரண்டு கயிறுகள் உள்ளன. மைத்துனர் சிவப்புச் சுருள்கயிற்றை மணிக்கட்டில் மாட்டாமல் இயந்திரத்தை இழுப்பதில்லை.

சேர விரும்புவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பத்து வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளையும் சேர்த்துக்கொள்கிறார்கள். ஆனால் குழந்தைகளின் அளவில் லைஃப் ஜாக்கெட் அவர்களிடம் இரண்டே இருக்கின்றன, அவற்றில் ஒன்றின் கொக்கி உடைந்திருந்தது. பிள்ளைகளை அழைத்துச் செல்பவர்கள், எடைக்கேற்ற ஜாக்கெட்டைச் சொந்தமாக வாங்கிக் கொண்டுபோவது நல்லது.