பழுப்பு நரம்புச் சோளம்: அரை ஏக்கர் போட்டுப் பார்த்ததில்

"பி.எம்.ஆர் சோளமுங்க, மாடு தட்டையைக்கூட மிச்சம் வைக்காது" என்று சொல்லித்தான் கடைக்காரர் பையைக் கொடுத்தார். ஐந்தாறு இலை வந்ததும் ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன். நடு நரம்பு வழக்கமான வெள்ளையில் இல்லை. டீக்கறை பட்ட மாதிரி செம்பழுப்பு. கலப்படம் இருக்குமோ என்று சால் சாலாக நடந்து பார்த்தேன், இல்லை.

பயோடெக் படிக்கும் மகள்தான் விளக்கினாள். பி.எம்.ஆர் என்றாலே 'பிரவுன் மிட்ரிப்', அதாவது பழுப்பு நடு நரம்பு. செல் சுவரை இறுக்குவது லிக்னின். அதைக் கட்டும் நொதியின் மரபணு பழுதானால் இந்த நிறம் வரும்: பி.எம்.ஆர்-6 என்றால் சி.ஏ.டி நொதி, பி.எம்.ஆர்-12 என்றால் சி.ஓ.எம்.டி. இரண்டுமே 1978இல் அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட வகைகள். விதைக்கு ரசாயனம் கொடுத்து உண்டாக்கியவை, வேற்று மரபணு எதுவும் சேர்க்கவில்லை. லிக்னின் குறைந்தால் செல்லுலோஸைச் சர்க்கரையாக உடைப்பது சுலபம் என்பதால் எத்தனால் ஆராய்ச்சிக்காரர்களுக்கும் இதன் மேல் ஒரு கண். மாட்டு வயிற்றில் நடப்பதும் கிட்டத்தட்ட அதே வேலைதானே! ஆனால் எந்த மரபணு என்று பையில் ஒரு வரி இல்லை. இந்த விலைக்கு அதையாவது அச்சடித்திருக்கலாம்.

இளம்பயிரில் சயனைடு நஞ்சு இருக்கும் என்பதால் பூ வந்த பிறகே அறுத்தேன். மறுநாள் காலை தொட்டி துடைத்து வைத்த மாதிரி கிடந்தது.

ஒரே ஒரு மழைக்காற்றுக்கு வரப்போரம் நாலு சால் படுத்துவிட்டது, அதுதான் வயிற்றெரிச்சல். அடுத்த போகமும் வாங்குவேன்; காற்று மறைவான கிணற்றடி வயலுக்கு மட்டும்.