வீட்டிலிருந்து ஆபீஸ் சர்வருக்கு: டர்பனில் எந்தச் செலவு உருப்படியானது?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் பகுதியில், சாட்ஸ்வர்த்திலோ ஃபீனிக்ஸிலோ வீட்டில் உட்கார்ந்து, பக்கத்து உம்லாங்காவில் இருக்கும் ஆபீஸ் சர்வரில் வேலை பார்ப்பவர்கள், வேகம் போதவில்லை என்றால் முதலில் வீட்டு இணைப்பைத்தான் பெரிதாக்குகிறார்கள். பல நேரம் அது வீண் செலவு. சர்வரிலிருந்து கோப்பு உங்களுக்கு வருவது ஆபீஸின் அப்லோடு (வெளியே அனுப்பும் வேகம்) வழியாக. அங்கே 10 எம்பிபிஎஸ் என்றால் 500 எம்பி கோப்பு வர ஏறக்குறைய 7 நிமிடம் ஆகும். வீட்டில் 200 எம்பிபிஎஸ் இருந்தாலும் அதே 7 நிமிடம்தான். அதனால் முதலில் ஆபீஸ் இணைப்பின் அப்லோடு எவ்வளவு என்று கேளுங்கள்.

வீட்டுக்கு ஃபைபர் கேபிளா, எல்டிஇ என்ற 4ஜி மொபைல் இணைப்பா? தெருவில் ஃபைபர் வந்திருந்தால் என் ஓட்டு அதற்கே. இங்கே கேபிள் போடுவது ஓப்பன்சர்வ், வூமாடெல் போன்றவர்கள். அதில் சேவை விற்பது வேறு நிறுவனங்கள். ஆகவே சேவை பிடிக்கவில்லை என்றால் கேபிளைத் தோண்டாமலே ஆளை மாற்றலாம். இரண்டு பக்கமும் ஒரே வேகம் தரும் சின்னத் திட்டம் போதும். சேவை நிறுவனம் டர்பனின் டிஐஎன்எக்ஸ் பரிமாற்ற மையத்தில் (இணைய நிறுவனங்கள் தங்களுக்குள் தரவை நேரடியாக மாற்றிக்கொள்ளும் இடம்) இணைந்திருக்கிறதா என்றும் விசாரியுங்கள். இல்லையென்றால் பக்கத்து ஊர் சர்வருக்குப் போகும் தரவு ஜோகன்னஸ்பர்க் போய்த் திரும்பலாம். பெரிய கோப்புக்கு அந்தத் தாமதம் பொருட்டில்லை. ஷேர் ஃபோல்டரைத் திறந்து மூடும்போது நன்றாகவே தெரியும்.

எல்டிஇ, 5ஜி இரண்டிலும் தோண்டும் வேலை இல்லை, வாடகை வீட்டுக்கு வசதி. ஆனால் மாலையில் டவரில் கூட்டம் ஏறினால் அப்லோடு தள்ளாடும். 2023-இல் லோட்ஷெடிங் (சுழற்சி முறை மின்வெட்டு) உச்சத்தில் இருந்தபோது பேட்டரி தீர்ந்த டவர்கள் அடங்கிப்போனதை மறக்க முடியாது. ஃபைபர் பெட்டிக்கும் ரூட்டருக்கும் ஒரு சின்ன யுபிஎஸ் வைத்தால், எதிர்முனையிலும் கரண்ட் ஏற்பாடு இருக்கும்வரை இணைப்பு ஓடும்.

காசில்லாமல் வேகம் கிடைக்கும் இடம் விபிஎன், அதாவது வீட்டுக்கும் ஆபீஸுக்கும் இடையே இணையத்தின் மேல் போடும் பாதுகாப்பான தனிப் பாதை. பொட்டலம் சேர்ந்ததா என்று சரிபார்த்து மறுபடி அனுப்பும் டிசிபி முறையில் ஓடும் ஓப்பன்விபிஎன் மென்பொருள், தரவுப் பொட்டலம் தொலைந்தால் இரட்டிப்பாகத் திணறும். வயர்கார்டு என்ற இன்னொரு விபிஎன், அந்தச் சரிபார்ப்பு இல்லாத யுடிபி முறையில் ஓடுகிறது, சின்ன ரூட்டரையும் அதிகம் வாட்டாது. மைக்ரோடிக் ரூட்டர் வைத்திருக்கும் ஆபீஸ்களில் அதன் மென்பொருளை ரூட்டர்ஓஎஸ் 7-க்கு ஏற்றினாலே வயர்கார்டு கிடைத்துவிடும். ஆபீஸ் தரவு மட்டும் விபிஎன் வழியே போகும்படி அமையுங்கள். பிள்ளைகள் பார்க்கும் வீடியோ ஏன் ஆபீஸைச் சுற்றி வர வேண்டும்?

எல்டிஇ வீட்டிலிருந்து ஃபைபர் ஆபீஸுக்கு வயர்கார்டு சிக்கலில்லாமல் போகும். ஆபீஸே எல்டிஇயில் இருந்தால் பொது ஐபி (வெளியிலிருந்து நேரடியாக எட்டக்கூடிய இணைய முகவரி) பெரும்பாலும் கிடைக்காது. அப்போது பொது ஐபி இல்லாமலே இணைக்கும் டெயில்ஸ்கேல் போன்றது கைகொடுக்கும்.

அப்புறம், கணக்கு மென்பொருள். அதன் தரவுக் கோப்பை விபிஎன் வழியாக வீட்டுக்கணினியில் திறப்பது எந்த வேகத்திலும் வேதனை. ஆபீஸ் கணினியிலேயே ஓடவிட்டு ரிமோட் டெஸ்க்டாப்பில் திரையை மட்டும் பாருங்கள், சாதாரண எல்டிஇயே போதும். ஆனால் ரிமோட் டெஸ்க்டாப்பின் நுழைவாயிலான 3389 போர்ட்டை நேரடியாக இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள். கடவுச்சொல்லை ஊகித்து நுழையப் பார்க்கும் திருட்டு நிரல்கள் அதைத் தேடிக்கொண்டே இருக்கின்றன. விபிஎனுக்குள் மட்டும் வையுங்கள்.