இரண்டடி மரைன் டேங்குக்குப் ‘பாசி தின்னி’ வாங்கப் போகிறவர்கள் ஒரு நிமிடம் நில்லுங்கள்

எனக்கு லான்மோவர் பிளென்னி என்ற மீனை விற்ற கடையின் பெயரைப் போடப் போவதில்லை. போட்டால் பேச்செல்லாம் அந்த ஒரு கடையைப் பற்றியே போய்விடும். இதே மீனை இதே வசனத்தோடு விற்கும் கடைகளை அப்புறம் இன்னும் மூன்று பார்த்துவிட்டேன். சென்னையில் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் இருப்பது இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் கொண்ட உப்புநீர்த் தொட்டி. கணக்குப்படி 56 லிட்டர், கல்லும் மணலும் அடைத்த இடம் போக 45 தேறினால் அதிகம். ஆகஸ்டில் வைத்தேன். உள்ளே ஒரு ஜோடி க்ளௌன், அதாவது பிள்ளைகள் நிமோ என்று கூப்பிடும் மீன். கூட நான்கு நத்தைகள். இரண்டாம் மாதம் கண்ணாடி முழுக்கப் பழுப்புத் தூசி படிந்த மாதிரி ஆகிவிட்டது. துடைத்தால் போகும், மறுநாள் சாயங்காலம் மறுபடி வந்து நிற்கும். கல்லின் ஒரு பக்கம் பச்சை முடி போல இழை. மணலின் ஒரு மூலையில் சிவப்பாகச் சவ்வு.

மூன்றையும் போனில் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். கடைக்காரர் படங்களை ஒரே தள்ளாகத் தள்ளிப் பார்த்துவிட்டு, “சார், இதெல்லாம் ஒரு மேட்டரே இல்ல. ஒரு லான்மோவர் போட்டு விடுங்க. நல்ல தண்ணி டேங்குல சக்கர் போடுவோம்ல, அதே வேலை. கண்ணாடிய நீங்க தொடவே வேணாம்” என்றார்.

எவ்வளவு வளரும் என்று கேட்டேன். “இதான் சார் ஃபுல் சைஸ். நானோ டேங்குக்குன்னே உள்ள மீன்.” பாசி தீர்ந்துவிட்டால்? “போடறது எல்லாம் சாப்பிடும்.”

1,400 ரூபாய் கொடுத்து வாங்கினேன். இவ்வளவு கேள்வி கேட்டவன், வீட்டில் வந்து ஐந்து நிமிடம் படித்துப் பார்த்துவிட்டுப் போயிருக்கலாம். பேச்சு அவ்வளவு தேனாக இருந்தது.

லான்மோவர் பிளென்னி என்பது சலாரியஸ் ஃபாஸியேட்டஸ் என்ற மீன். 14 சென்டிமீட்டர் வரை வளரும். என்னிடம் ‘ஃபுல் சைஸ்’ என்று கொடுத்தது அதில் பாதிகூட இல்லாத குட்டி. அழகன் என்று சொல்ல முடியாது. கல்லின் நிறத்திலேயே திட்டுத்திட்டாக உடம்பு, தலையில் இரண்டு கொம்பு மாதிரி இழைகள், தவளைக்கு இருப்பது போல மேலே துருத்திய கண்கள். ஒரு கண் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று நத்தையைப் பார்க்கும். அடித்துடுப்புகளை ஊன்றிக் கல்லின்மேல் உட்கார்ந்துகொண்டு தெருவை வேடிக்கை பார்க்கும் திண்ணைத் தாத்தா போல இருப்பான். இரண்டாவது நாளே வீட்டில் எல்லோருக்கும் பிடித்துப்போனது.

முதல் மூன்று வாரம் கடைக்காரர் சொன்னது பலித்த மாதிரியே இருந்தது. பின் கண்ணாடியில் பழுப்புப் படலத்தின்மேல் வரிசை வரிசையாகச் சின்ன முத்த அடையாளங்கள். உதட்டை வைத்து ஒட்டி உரசி எடுத்த இடம் மட்டும் பளிச்சென்று இருக்கும். என் மகள் டார்ச் அடித்து அவற்றை எண்ணுவாள்.

நான்காவது வாரம் கண்ணாடி சுத்தமாகிவிட்டது. அதில்தான் வினையே. நான்கு பக்கக் கண்ணாடியையும் சேர்த்தால் என் தொட்டியில் ஆறு சதுர அடி. நாம் எப்படியும் துடைத்துவிடும் முன்பக்கத்தைக் கழித்தால் நான்கு. பகல் முழுக்க மேய்ந்துகொண்டே இருக்க வேண்டிய உயிர் இது. நான்கு சதுர அடிப் புல்தரையில் ஆட்டைக் கட்டிப்போட்டு எத்தனை நாள் வளர்ப்பீர்கள்? இவனுக்குக் குறைந்தது நூறு லிட்டருக்கு மேல் தண்ணீரும், ஒரு வருடமாவது ஆகிப் பாசி ஊறிய கற்களும் வேண்டும். இதை எனக்குச் சொன்னது கடைக்காரர் இல்லை, மீன் மெலிய ஆரம்பித்த பிறகு நான் தேடிப் பேசிய ஒரு பழைய வளர்ப்பாளர்.

‘போடறது எல்லாம் சாப்பிடும்’ என்றாரே, அதையும் பார்த்தேன். பெல்லட் போட்டேன், க்ளௌன்கள் வந்து முழுங்கின. ஸ்பைருலினா மாத்திரை போட்டேன், நத்தை ஏறி உட்கார்ந்தது. சுஷி சுற்றும் நோரி என்ற கடற்பாசித் தாளை, உப்பு எண்ணெய் சேர்க்காததாகத் தேடி வாங்கி, கிளிப்பில் மாட்டித் தொங்கவிட்டேன். ஒருமுறை வந்து முட்டிப் பார்த்துவிட்டுப் போனான். சில பிளென்னிகள் இவற்றுக்குப் பழகிவிடுமாம். இவனோ வயிறு ஒட்டிய பிறகுதான் பார்த்த உணவு என்பதாலோ என்னவோ, கடைசிவரை பழகவில்லை. மேலிருந்து பார்த்தால் தலை மட்டும் அகலமாக, அதற்குப் பின்னால் உடம்பு ஆணி மாதிரி. வாங்கிய அன்று எடுத்த படத்தை அப்போதுதான் பெரிதாக்கிப் பார்த்தேன். அன்றைக்கே வயிறு உள்வாங்கித்தான் இருந்தது. பட்டினி கிடந்த மீனைத்தான் எனக்கு விற்றிருக்கிறார்.

போன் செய்தேன். “உங்க தண்ணி சரியில்ல சார்.” பாட்டிலில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனேன். வாங்கி மேஜையில் வைத்தார், டெஸ்ட் செய்யவில்லை. உப்படர்த்தி 1.025, அமோனியா சுழி என்று என் குறிப்பைக் காட்டினேன். மீனைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள், பணம்கூட வேண்டாம், பெரிய தொட்டியில் விட்டுவிடுங்கள் என்றேன். “வெளிய போன மீன உள்ள எடுக்க மாட்டோம் சார். உயிருக்கு வாரண்டியும் கிடையாது.” சரி, கல்லில் பச்சை முடியும் மணலில் சிவப்புச் சவ்வும் அப்படியே இருக்கிறதே என்றால், கையில் ஒரு பாட்டிலைக் கொடுத்தார். பாசி ஒழிப்பு மருந்து, 350 ரூபாய். வீட்டுக்கு வந்து லேபிளின் பொடி எழுத்தைப் படித்தால் காப்பர் சல்பேட். செம்பு உப்புநீர்த் தொட்டியில் நத்தை, இறால், பவளம் எல்லாவற்றுக்கும் விஷம். நத்தை இருக்கிறது என்று தெரிந்தே கொடுத்த மனிதர். பாட்டில் இன்னும் பிரிக்காமல் பரண்மேல் இருக்கிறது.

நவம்பர் கடைசியில் ஒரு காலை, கல்லுக்கு அடியில் சாய்ந்து கிடந்தான். கையில் எடுத்தபோது வயிறு இருக்க வேண்டிய இடத்தில் கட்டைவிரல் நுனி பதியும் அளவுக்குக் குழி. மகளிடம், இரவில் துள்ளி வெளியே விழுந்துவிட்டான் என்று சொன்னேன். அந்த இனம் துள்ளும் என்பது உண்மைதான், அதனால் நம்பிவிட்டாள்.

இதில் எரிச்சல் என்னவென்றால், எனக்கு அந்த மீனே தேவைப்பட்டிருக்கவில்லை. பழுப்புத் தூசி என்பது டயட்டம் என்ற நுண்பாசி. புதுத் தொட்டியில் தண்ணீரிலும் மணலிலும் இருக்கும் சிலிகேட்டை வைத்து வரும், சில வாரத்தில் தானே அடங்கும். முடிப்பாசி நீளமாக வளர்ந்துவிட்டால் இந்த பிளென்னி பெரும்பாலும் வாய் வைக்காது, கையால் பிடுங்க வேண்டியதுதான். சிவப்புச் சவ்வு பாசியே இல்லை, சயனோபாக்டீரியா. அதைத் தின்றுவிடும் என்று நம்பி எந்த மீனையும் விட முடியாது. ஆக நான் காட்டிய மூன்று படங்களில் ஒன்று தானாகப் போவது, மற்ற இரண்டும் இந்த மீன் தொடாதது.

அந்தக் கடையில் ஒருவர்கூட ‘என்ன தண்ணீர் ஊற்றுகிறீர்கள், ஒரு நாளைக்கு எத்தனை தடவை தீனி போடுகிறீர்கள்’ என்று கேட்கவில்லை. நான் ஆவியாகிற தண்ணீருக்குப் பதிலாகக் கேன் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். மீட்டர் வைத்துப் பார்த்தால் டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்திருப்பவற்றின் அளவு, 70. ஆவியாவது தண்ணீர் மட்டும்தானே, அதில் கரைந்து வருவதெல்லாம் உள்ளேயே தங்கிச் சேரும். இப்போது ஆர்ஓ வடிகட்டிக்குப் பின்னால், மிச்சம் கரைந்திருப்பதையும் இழுத்துக்கொள்ளும் டிஐ ரெசின் மாட்டி, மீட்டர் சுழி காட்டும் தண்ணீரை மட்டும் ஊற்றுகிறேன். தீனி ஒரு வேளை. வாரம் ஐந்து லிட்டர் மாற்று, கல்லை எடுத்துப் பழைய பல் துலக்கியால் ஒரு தேய்ப்பு. ஜனவரிக்குள் தொட்டி தெளிந்துவிட்டது. மொத்தச் செலவு அந்த மீனும் பாட்டிலும் சேர்ந்ததைவிட ஐந்நூறு ரூபாய்தான் கூட.

சின்னத் தொட்டிக்கு பிளென்னி வேண்டுமே என்பவர்கள் டெயில்ஸ்பாட் பிளென்னியைக் கேட்டுப் பாருங்கள். ஆறு சென்டிமீட்டர்தான், பெரும்பாலும் போடும் தீனியையும் எடுக்கும். ‘பேபி டாங்’ என்று, பாசி மேயும் இன்னொரு வகைக் கடல்மீனின் குட்டி எதைக் காட்டினாலும் நகர்ந்துவிடுங்கள், நான்கடிக்குக் குறைந்த தொட்டியில் எந்த டாங்குக்கும் வேலை இல்லை. எந்த மேயும் மீனாக இருந்தாலும் கடையிலேயே உங்கள் கண்முன் தீனி போடச் சொல்லுங்கள், வயிற்றை முன்பக்கமிருந்து பாருங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை உப்பு வாங்க அதே கடைக்குப் போக வேண்டியதாயிற்று. பக்கத்தில் அந்த பிராண்ட் உப்பு வேறெங்கும் இல்லை. ஒருவர் பையனோடு வந்து, அதே லான்மோவர் முன்னால் நின்று விலை கேட்டுக்கொண்டிருந்தார். எத்தனை அடி டேங்க் சார் என்று கேட்டேன். ஒன்றரை என்றார். தீனி போட்டுக் காட்டச் சொல்லுங்கள் என்றேன். கடைக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு நான்கு பெல்லட் போட்டார். அவை ஒவ்வொன்றாக மூழ்கி மணலில் போய் உட்கார்ந்தன. மீன் ஒரு கண்ணால் அவற்றையும் இன்னொரு கண்ணால் எங்களையும் பார்த்தது.

“இப்பதான் சார் சாப்பிட்டுச்சு” என்றார் கடைக்காரர்.

விலை கேட்டவர் பையன் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பினார். எனக்கு உப்பில் வழக்கமாகக் கொடுக்கும் பத்து சதவீதத் தள்ளுபடி அன்று இல்லை.