நாற்பது மூடை நெல், மூன்று தராசு, இரண்டு ஈரப்பதமானி

வன்னியில் நெல் விற்றவர்களில் தராசைச் சந்தேகிக்காதவர் எவரையும் நான் சந்தித்ததில்லை. வியாபாரியின் லொறி படலையடிக்கு வந்து நின்றால், வீட்டில் எத்தனை பேர் இருக்கிறார்களோ அத்தனை பேரின் கண்ணும் தராசு முள்ளில்தான் இருக்கும். சென்ற காலபோக அறுவடையில் மாமாவின் வளவில் நானும் அப்படித்தான் நின்றேன். நாற்பது மூடையும் ஏறிப் போன பிறகுதான், காசு கழன்று போனது வேறொரு பெட்டிக்குள்ளால் என்பது விளங்கியது. அந்தப் பெட்டியை யாருமே பார்க்கவில்லை.

கணக்கு இலகுவாக இருக்கட்டும்: மூடை 70 கிலோ, ஆகவே மொத்தம் 2,800 கிலோ. விலைக்கு, 2025 பெப்ரவரியில் அரசு அறிவித்த நாட்டரிசி நெல்லின் 120 ரூபாவை வைத்துக்கொள்கிறேன்.

முதலில் தராசுகள். வியாபாரி கொண்டுவந்தது விற்றராசு, அதாவது சுருள்வில் தராசு. மூன்று தடிகளைக் கூம்பாகக் கட்டி நடுவில் தொங்கவிட்டிருந்தார்கள். முகப்பில் நூறு கிலோ வரை கோடுகள்; கோட்டுக்குக் கோடு அரைக் கிலோ. மூடை ஆடும், முள்ளும் ஆடும், ஆட்டம் நிற்பதற்கு முன்னரே ஒருவர் எண்ணைச் சொல்ல இன்னொருவர் எழுதிவிடுவார். இந்தத் தராசின் அடிப்படைக் குணம் ஒன்று உண்டு. வில் நெல்லின் திணிவை அளப்பதில்லை. பூமி அதை எவ்வளவு இழுக்கிறது என்பதைத்தான் அளக்கிறது. அந்த இழுவை எல்லா இடத்திலும் ஒன்றல்ல. புவியீர்ப்பு ஆர்முடுகல் முனைவுகளில் 9.83, மத்திய கோட்டில் 9.78. நாம் மத்திய கோட்டுக்குக் கிட்ட இருக்கிறோம். 40 பாகை அகலாங்கில் இருக்கும் ஒரு தொழிற்சாலையில் சரிபார்த்து அனுப்பிய வில், கிளிநொச்சியில் ஏறத்தாழ ஆயிரத்துக்கு இரண்டு குறைத்துக் காட்டும். 70 கிலோ மூடை 69.86 கிலோ ஆகிவிடும். யாரும் களவெடுக்காமலே நாற்பது மூடையில் 5.6 கிலோ போய்விடுகிறது, 672 ரூபா.

மாமாவிடம் பழைய இரும்பு மேடைத் தராசு ஒன்று இருக்கிறது. இதற்கு அந்த வியாதி கிடையாது. நெம்புகோலின் ஒரு பக்கம் நெல், மறுபக்கம் படிக்கல். பூமி இரண்டையும் ஒரே அளவாகத்தான் இழுக்கிறது, ஆகவே இழுவை கணக்கிலிருந்து கழிந்துவிடும். சந்திரனில் வைத்து நிறுத்தாலும் அதே எண்தான். ஆனால் மாமாவின் தராசுக்கு வேறொரு கதை. 2009 இல் விட்டுவிட்டு ஓடியது. மீள்குடியேறி வந்தபோது அதே வளவில், கிணற்றடிச் சேற்றில் சக்கரம் புதைந்து கிடந்தது. எண்ணெய் போட்டுத் துடைத்து எடுத்தார். அதன் உயிர் உள்ளே இருக்கும் உருக்குக் கத்திமுனைகளில்தான். நெம்புகோல் அவற்றின்மேல்தான் ஆடவேண்டும். அவற்றைத் துரு தின்றுவிட்டது. தட்டில் கால் கிலோவுக்கு மேல் கூட்டினாலும் கோல் அசையாது. மாமா அதைத்தான் இன்னும் நம்புகிறார். தத்துவம் சரி, தராசு பிழை. அவரிடம் இதை நான் இன்னும் சொல்லவில்லை.

மூன்றாவது டிஜிற்றல் மேடைத் தராசு. எண் மின்னுவதால் சனத்துக்கு நம்பிக்கை வருகிறது. உள்ளே இருப்பதும் விசையை உணரும் உலோகத் துண்டுதான். புவியீர்ப்பு விடயத்தில் விற்றராசுக்கு ஒன்றுவிட்ட தம்பி. ஆனால் ஒரு வசதி: நிற்கும் இடத்திலேயே படிக்கல் வைத்து அளவுதிருத்தலாம், திருத்தினால் அந்த ஆயிரத்துக்கு இரண்டு மறைந்துவிடும். ஆகவே டிஜிற்றல் தராசு வாங்குபவர் கேட்கவேண்டிய கேள்வி, எந்த நாட்டுத் தயாரிப்பு என்பதல்ல, எங்கே அளவுதிருத்தியது என்பதுதான். பிறகு தரை. முற்றத்து மண்ணில் ஒரு மூலை தாழ்ந்து நின்றால், ஒரே கல்லை நான்கு மூலையிலும் மாறி மாறி வைத்துப் பாருங்கள். நான்கு விடை வரக்கூடும்.

லொறியோடு ஏற்றி நிறுக்கும் பெரிய தராசைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அதன் ஒரு படி, அதாவது எண் மாறும் மிகச் சிறிய அளவு, பெரும்பாலும் பத்து அல்லது இருபது கிலோ. பத்துத் தொன் லொறிக்கு அது பெரிதல்ல. உழவு இயந்திரப் பெட்டியில் இருபது மூடை கொண்டுபோகிறவருக்கு ஒரு படி தவறினாலே கால் மூடை வரை போய்விடும்.

மூன்றில் எனக்குப் பிடித்தது, முத்திரை குத்திய டிஜிற்றல் தராசு, சீமெந்துத் தரையில். சர்வதேச விதிகளின்படி, 50 கிராம் படியுள்ள வியாபாரத் தராசு 70 கிலோவில் பாவனையின்போது 100 கிராமுக்கு மேல் பிழைக்கக் கூடாது. அந்த எல்லைவரை ஒவ்வொரு மூடையிலும் நமக்கு எதிராகவே பிழைத்தாலும் நாற்பது மூடைக்கு நான்கு கிலோ, 480 ரூபா.

இதைவிடச் சாக்குக் கழிவு பெரிது. மூடைக்கு ஒரு கிலோ என்று வியாபாரி கழித்தார். சணல் சாக்குக் காலத்தில் அது நியாயமாக இருந்திருக்கலாம். எங்களுடையது உரப்பை. வெறும் பையைச் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன்: 120 கிராம். நாற்பது பைக்கு 35 கிலோ காற்றில் போனது, 4,200 ரூபாவுக்கு மேல். அளவியல் எதுவும் தேவையில்லாத களவு அது.

இனி அந்தப் பெட்டி, ஈரப்பதமானி. நெல் சந்தைப்படுத்தும் சபையின் கணக்கு 14 வீத ஈரப்பதம். வியாபாரிகளும் அதைச் சொல்லித்தான் கழிக்கிறார்கள். அறுவடை இயந்திரத்தில் வெட்டிய நெல் இருபதைத் தாண்டியும் வரும், அதனால்தான் பெப்ரவரியில் வீதியோரமெங்கும் படங்கு விரிந்து கிடக்கிறது. ஈரம் பார்க்க மூன்று வழி: பல், ஈரப்பதமானி, ஆய்வுகூடக் கனலடுப்பு.

பல்லைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். மாமா நெல்லை உமி நீக்கிக் கடிப்பார். நசிந்தால் ஈரம், "கடக்" என்று உடைந்தால் காய்ந்தது. பதினெட்டையும் பதினான்கையும் அவருடைய பல் பிரித்துவிடும். பதினைந்தையும் பதினான்கையும் பிரிக்காது, காசு போவதோ அந்த இடைவெளியில்தான்.

வியாபாரி கொண்டுவந்தது நெல்லைக் குவளையில் கொட்டிப் பார்க்கும் மானி. அது ஈரத்தை நேராக அளப்பதில்லை. மின்புலத்துக்கு நீர் காட்டும் எதிர்வினை உலர்ந்த நெல் காட்டுவதைவிடப் பன்மடங்கு பெரிது. அந்த வேறுபாட்டை வைத்து மானி ஊகிக்கிறது. நெல்லை இறுக்கிக் கொட்டினால் ஒன்று, தளரக் கொட்டினால் ஒன்று. நெல்லின் வகை மாறினால் ஊகமும் மாறும். எல்லாவற்றையும்விடப் பொல்லாதது சூடு: சூடான நெல்லை, வெப்பநிலைத் திருத்தம் இல்லாத மானி கூடிய ஈரமாகக் காட்டும். அவர் பார்த்தது பகல் ஒரு மணிக்கு, கை வைத்தால் சுடும் படங்கிலிருந்து, மேலாக அள்ளிய ஒரு பிடி. உள்ளிருந்து மாதிரி எடுக்கும் குத்தூசி இல்லை. திரையில் 15.8.

அதே பிடியில் மிச்சத்தை நான் மூடி இறுகிய போத்தல் ஒன்றில் போட்டு வைத்தேன். ஏன் என்று அப்போது தெரியாது. வியாபாரியின் முகம் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். அடுத்த நாள் காலை, ஆறிய நெல்லை இன்னொரு வியாபாரியின் மானியில் போட்டேன். இது இரண்டு தகடுகளுக்கிடையே நெல்லை நசுக்கி மின்தடையைப் பார்க்கும் வகை. 14.1.

எது சரி? இரண்டு மானிகளும் தங்களுக்குள் சண்டை பிடித்தால் நடுவர் கனலடுப்புத்தான். ஆய்வுகூடமொன்றில் வேலை செய்யும் நண்பர் நெல்லை அரைத்து 5.000 கிராம் எடுத்தார். 130 பாகையில் இரண்டு மணித்தியாலம். பிறகு, ஈரம் உறிஞ்சும் மணிகள் போட்ட கண்ணாடிப் பாத்திரத்தில் மூடி ஆறவிட்டு நிறுத்தார்: 4.280. போனது 0.720 கிராம் நீர், அதாவது 14.4 வீதம். இங்கே ஊகம் எதுவும் இல்லை. தண்ணீர் போய்விட்டது, போனதை நிறுத்தாயிற்று. ஆனால் அரை நாள் வேலை, நெல்லும் மாவாகிவிடுகிறது. லொறிக்காரர் காத்திருக்க மாட்டார்.

15.8 என்று பிடித்தால் 2,800 கிலோ, 14 வீத நெல்லாகக் கணக்கிட்டால் 2,741 கிலோ. 14.4 என்றால் 2,787. வித்தியாசம் 46 கிலோவுக்குக் கிட்ட, ஏறத்தாழ 5,500 ரூபா. நாங்கள் அத்தனை பேரும் முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்த விற்றராசின் பிழையைப்போல எட்டு மடங்கு.

தராசைச் சரிபார்க்கவும் இரண்டு வழிகள் உண்டு, இவற்றையும் சனம் ஒன்றென்று நினைக்கிறது. ஒன்று முத்திரை. 1995 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களம் வியாபாரத் தராசுகளைப் பார்த்துக் குத்துவது. அது "எல்லைக்குள் இருக்கிறது" என்று மட்டும் சொல்லும். மற்றது அளவுதிருத்தச் சான்றிதழ்: எந்தச் சுமையில் எத்தனை கிராம் பிழை, அந்தப் பிழை எண்ணிலேயே எவ்வளவு ஐயம் என்று எழுதித் தரும். முத்திரை கடைக்காரருக்கும் கமக்காரருக்கும் போதும். 4.280 என்று மூன்றாம் தசமம் வரை சொல்லும் ஆய்வுகூடத் தராசுக்குச் சான்றிதழ்தான் வேண்டும். அப்படியான தராசைச் சோதிக்கும் படிக்கற்கள் தங்களைவிட உயர்ந்த படிக்கற்களோடு ஒப்பிடப்பட்டு, அவை ஹோமாகமவில் இருக்கும் தேசிய ஆய்வுகூடத்தின் நியமங்களை நோக்கிப் போகும். அந்தச் சங்கிலியின் நுனி 1889 முதல் பாரிஸுக்கு அருகே செவ்ரேயில் பூட்டிவைத்த, ஒரு கிலோ என்றால் எவ்வளவு என்பதைத் தீர்மானித்த பிளாற்றினம்-இரிடியம் உருளையாக இருந்தது. 2019 மே 20 முதல் அந்த இடத்தில் பிளாங்கின் மாறிலி என்ற, இயற்கையில் மாறாத ஓர் எண். வியாபாரியின் ஈரப்பதமானிக்கு இப்படி ஒரு சங்கிலி இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். அடியில் ஒரு பற்றரி மூடி இருந்தது.

கொழும்புப் பக்கத்து ஆய்வுகூடத்துக்கு ஒவ்வொரு மானியையும் முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் கொண்டுபோவது நடக்கிற காரியமல்ல. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரிலேயே இருக்கிறது. விவசாயம் படிப்பிக்கும் இடத்தில் கனலடுப்பு இல்லாமல் இராது. மானி அங்கே போகத் தேவையில்லை, நெல் போனால் போதும். கமக்காரர் அமைப்பு ஒன்று, ஊரில் விளைந்த அதே வகை நெல்லில் இரண்டு மூன்று போத்தல்களைக் கனலடுப்பில் பார்த்து, எண்ணை ஒட்டி, மூடி இறுக்கி வைத்திருக்கலாம். பன்னிரண்டும் பதினான்கும் ஒரு போகம் தாக்குப்பிடிக்கும். பதினெட்டு வேண்டாம், ஒரு கிழமையில் பூஞ்சணம் பிடித்துவிடும்.

என் போத்தலில் இன்னும் அரைவாசி நெல் மிச்சமிருக்கிறது. "14.4" என்று மையால் எழுதி, மூடியைச் சுற்றி ரேப் ஒட்டி, சுவாமி அறை மாடத்தில் வைத்திருக்கிறேன். சிறுபோகத்து வியாபாரி வந்தால் அவருடைய மானியில் முதலில் போகப்போவது அதுதான். மாமா அதற்கிடையில் தன் தராசுக்குப் புதிய சக்கரம் வாங்கிவிட்டார்.