ஜூசி லூசியைக் கையில் வாங்கியதும் கடிக்காதீர்கள்: மினியாபொலிஸில் எங்கே, எதை, எப்படிச் சாப்பிடுவது

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் உள்ள மினியாபொலிஸ் நகரின் தெற்குப் பகுதியில் சீடார் அவென்யூவும் 35ஆம் தெருவும் சந்திக்கிற முனையில் ஒரு சிறிய பார் இருக்கிறது. பெயர் மேட்ஸ் பார். 1954இல் தொடங்கியது. வெளியிலிருந்து பார்த்தால் அதன் பெருமை எதுவும் தெரியாது. உள்ளே மது ஊற்றும் மேடைக்குப் பின்னால் நம் புரோட்டாக் கடைக் கல்லைவிடச் சிறிய இரும்புக் கல் ஒன்று. அந்த ஒரு கல்லில்தான் அத்தனை பர்கரும் வேகின்றன. 2014 ஜூனில் அதிபர் ஒபாமா மினசோட்டாவுக்கு வந்தபோது மதியச் சாப்பாட்டுக்கு வந்து உட்கார்ந்ததும் இங்கேதான்.

இங்கே கேட்க வேண்டியது ஜூசி லூசி. சாதாரண சீஸ் பர்கரில் கொத்துக்கறி வடையின் மேல் சீஸ் உருகிக் கிடக்கும். ஜூசி லூசியில் இரண்டு மெல்லிய வடைகளுக்கு நடுவே சீஸை வைத்து, ஓரத்தை ஒட்டி மூடி, முழுசாகக் கல்லில் போடுகிறார்கள். வடை வேகும்போது உள்ளே சீஸ் குழம்பாகிவிடுகிறது. இரண்டு வடைக்கு நடுவே சீஸ் வைத்துக் கொடு என்று வாடிக்கையாளர் ஒருவர் கேட்டதில் பிறந்தது என்பது கடை சொல்லும் கதை. ஆங்கிலத்தில் 'ஜூசி' என்ற சொல்லுக்கு நடுவில் வரவேண்டிய ஓர் எழுத்து இந்தக் கடைப் பலகையில் இருக்காது. அந்தப் பிழையே இன்று இவர்களுடைய அடையாளம்.

இது மாட்டுக்கறி என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவில் அடைமொழி இல்லாமல் பர்கர் என்றால் மாட்டுக்கறிதான், யாரும் தனியாகச் சொல்ல மாட்டார்கள். மாட்டுக்கறி தவிர்ப்பவர்களுக்கு இந்தக் கடையில் வேலை இல்லை. இதே முறையை வீட்டில் ஆட்டுக்கறியில் செய்யலாம், அதைக் கீழே எழுதியிருக்கிறோம்.

பர்கர் காகிதத்தில் சுற்றி வரும். கூடவே வதக்கிய வெங்காயமும் ஊறுகாய் போட்ட வெள்ளரித் துண்டுகளும். உருளைக்கிழங்கு வறுவல் முழுக் கூடை, அரைக் கூடை என்று கிடைக்கும். இரண்டு பேருக்கு அரைக் கூடையே தாராளம். பர்கரை வாங்கியதும் கடித்துவிடாதீர்கள். உள்ளே இருக்கும் சீஸ், ஆவியில் வெந்து இறக்கிய கொழுக்கட்டையின் வெல்லப் பூரணம் மாதிரி. மேல்மாவு ஆறினாலும் பூரணம் ஆறாது, நாக்கைப் பொத்துவிடும். நான்கைந்து நிமிடம் வறுவலைச் சாப்பிட்டுக்கொண்டிருங்கள். பிறகு ஓரத்தில் சின்னதாக ஒரு கடி. சீஸ் எட்டிப்பார்த்ததும் பர்கரைக் கீழ்நோக்கிச் சாய்த்துக் கொஞ்சத்தை வறுவல் மேல் வழியவிடுங்கள். கத்தியால் பாதியாக வெட்டினால் சீஸ் மொத்தமும் காகிதத்துக்குப் போய்விடும், கையில் காய்ந்த வடைதான் மிஞ்சும். அதே போல ரொம்ப நேரம் பேசிக்கொண்டே இருந்துவிட்டாலும் வீண். பத்துப் பன்னிரண்டு நிமிடம் தாண்டினால் சீஸ் இறுகி ரப்பராகிவிடும். பார்சல் வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோவதை நாங்கள் பரிந்துரைக்கவே மாட்டோம்.

அதே சீடார் அவென்யூவில் தெற்கே ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர் போனால் 58ஆம் தெரு முனையில் ஃபைவ் எய்ட் கிளப். 58 என்ற தெரு எண்தான் பெயரில் இருக்கிறது. 1928இல், நாடு முழுக்க மதுவிலக்கு இருந்த காலத்தில், கள்ளத்தனமாக மது விற்கும் இடமாகத் தொடங்கியது. ஜூசி லூசி எங்களுடையது என்று இவர்களும் சொல்கிறார்கள், இவர்கள் பலகையில் எழுத்துப் பிழை கிடையாது. இந்த வழக்கு இன்னும் தீரவில்லை. சாப்பிட வருகிறவர்களுக்கு அது முக்கியமும் இல்லை, ஏனென்றால் இரண்டும் இரண்டு வகைச் சாப்பாடு. ஃபைவ் எய்ட் கிளப்பில் வடை தடிமன், உள்ளே வைக்கிற சீஸை நாமே தேர்ந்தெடுக்கலாம்: அமெரிக்கன், சுவிஸ், நீலப்பூசண சீஸ், மிளகாய் கலந்த பெப்பர் ஜாக். காரம் இல்லாமல் சாப்பிட முடியாதவர்கள் பெப்பர் ஜாக் கேளுங்கள். உட்கார இடம் அதிகம், குழந்தைகளோடு வந்தால் இதுதான் வசதி. விமான நிலையத்துக்கும் பக்கம்.

எங்கள் கணிப்பு: முதல் தடவை என்றால் மேட்ஸ். மெல்லிய வடையில் கல்லில் பட்டுச் சிவந்த மொறுமொறுப்பு அதிகம், சீஸுக்கும் கறிக்கும் அளவு சரியாக நிற்கிறது. தடித்த வடையில் சீஸ் வராத கடிகள் இரண்டு மூன்று வந்துவிடும். பக்கத்து நகரமான செயின்ட் பாலில் புளூ டோர் பப் என்ற கடை நீலப்பூசண சீஸும் பூண்டும் அடைத்துச் செய்கிறது. நீலப்பூசண சீஸின் வாடை பழகியவர்களுக்கு மட்டும் அது.

மேட்ஸ் மாதிரியான சிறு கடைகளுக்கு வெள்ளி, சனி இரவில் போகாதீர்கள். ஒரே கல், ஒரு பர்கருக்குப் பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும், வரிசை நகராது. வார நாளில் மதியம் இரண்டு மணி வாக்கில் போனால் நிம்மதி. விலைப்பட்டியலில் உள்ள தொகையோடு விற்பனை வரி சேரும், டிப்ஸ் 18 முதல் 20 சதவீதம் வழக்கம். பையில் கொஞ்சம் டாலர் நோட்டும் இருக்கட்டும்.

இனி வீட்டு முறை. இரண்டு பர்கருக்கு 450 கிராம் கொத்துக்கறி. கொழுப்பு ஐந்தில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். ஆட்டுக்கறி என்றால் தொடைக்கறி மட்டும் அரைத்தால் காய்ந்துவிடும், விலாப்பகுதிக் கொழுப்பையும் சேர்த்து அரைக்கச் சொல்லுங்கள். நான்கு பங்காக்கி, ஒவ்வொன்றையும் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் அகலமாக, சுமார் 12 சென்டிமீட்டருக்குத் தட்டுங்கள். சப்பாத்தி மாவு மாதிரி பிசையக் கூடாது. பிசைந்தாலும், உப்பைக் கறிக்குள் கலந்தாலும், கறியின் புரதம் ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டு சாசேஜ் மாதிரி இழுவையாகிவிடும். உப்பும் மிளகும் கல்லில் போடுவதற்குச் சற்று முன் வெளிப்புறத்தில் மட்டும்.

நடுவில் வைக்க அமெரிக்கன் சீஸ் என்று விற்கும் பதப்படுத்திய சீஸ் ஸ்லைஸ்தான் சரி. ஒன்றரை ஸ்லைஸை மடித்துச் சிறு சதுரமாக்கி வையுங்கள். அதில் சேர்த்திருக்கும் உப்புகள் சீஸின் கொழுப்பையும் நீரையும் பிரியவிடாமல் பிடித்துவைப்பதால் அது குழம்பாக உருகும். நல்ல செடார் போடுவோமே என்று போட்டால் எண்ணெய் தனியாக, கட்டி தனியாகப் பிரிந்து நிற்கும். விலை உயர்ந்த சீஸ் தோற்கிற இடம் இது. சீஸுக்கும் வடை விளிம்புக்கும் இடையே சுற்றிலும் இரண்டு சென்டிமீட்டராவது வெறும் கறி இருக்க வேண்டும். மேல்வடையை மூடி, சோமாசி ஓரத்தை அழுத்துவது போலச் சுற்றிலும் கிள்ளி ஒட்டுங்கள். கறி குளிர்ந்திருந்தால்தான் ஒட்டும். சூடேறிக் கொழுப்பு இளகியிருந்தால் பத்து நிமிடம் குளிர்பெட்டியில் வைத்தெடுங்கள்.

தோசைக்கல்லே போதும், நடுத்தரத் தீ. முதல் பக்கம் ஆறு நிமிடம். ஒரே ஒரு தடவைதான் திருப்ப வேண்டும். திருப்பியதும் வடை பூரி மாதிரி உப்பும், சீஸில் உள்ள நீர் ஆவியாவதால் வருவது அது. உடனே மேற்பக்கம் நடுவில் பல்குத்தும் குச்சியால் ஒரு துளை போடுங்கள். துளை போடாவிட்டால் ஆவி ஓரத்தைப் பிளந்துகொண்டு வெளியேறும், கூடவே சீஸும் கல்லில் ஓடிக் கருகும். கரண்டியால் அழுத்தவே அழுத்தாதீர்கள். இரண்டாம் பக்கம் ஐந்தாறு நிமிடம். வெப்பமானி இருந்தால் சீஸில் படாமல் கறிக்குள் பக்கவாட்டில் செருகிப் பாருங்கள்: ஆட்டுக்கறி, மாட்டுக்கறிக்கு 71 டிகிரி செல்சியஸ், கோழிக்கறிக்கு 74. தீ அதிகமானால் வெளியே கருகி உள்ளே சீஸ் கட்டியாகவே நிற்கும். இறக்கி நான்கு நிமிடம் ஆறவிட்டு, அதே கல்லின் கொழுப்பில் வதக்கிய வெங்காயத்தோடு மெத்தென்ற வெறும் பன்னில் வைக்கலாம். எள் தூவிய, வெண்ணெய் அதிகமான பன் தேவையில்லை. சுவை உள்ளேயே இருக்கிறது.

மாமிசம் சாப்பிடாதவர்களுக்கு இந்த நகரில் வேறு வாசல்கள் உண்டு. லேக் ஸ்ட்ரீட்டில் சியர்ஸ் என்ற பல்பொருள் கடையின் பழைய கட்டடத்துக்குள் 2006இல் திறந்த மிட்டவுன் குளோபல் மார்க்கெட்டில் பல நாட்டுக் கடைகள் ஒரே கூரையின் கீழ். செயின்ட் பாலின் கோமோ அவென்யூவில், மரக்கடை இருந்த இடத்தில் 2004இல் தொடங்கிய மாங்டவுன் சந்தை, லாவோஸிலிருந்து அகதிகளாக வந்த மாங் மக்களுடையது. பப்பாளிக்காயை உரலில் போட்டு மிளகாயோடு இடித்துக் கொடுப்பார்கள், காரம் நம் நாக்குக்கே உறைக்கும். ஆனால் அதில் மீன் சாறும் பெரும்பாலும் இறால் விழுதும் சேரும். சைவர்கள் இடிக்கத் தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும், இடித்த பிறகு பிரிக்க முடியாது.

ஆனால் இந்த ஊர்க்காரர்கள் கூடி உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்க்க வேண்டுமானால் ஆகஸ்ட் கடைசியில் வரவேண்டும். மினசோட்டா மாநிலக் கண்காட்சி செப்டம்பர் முதல் திங்களான தொழிலாளர் தினத்தோடு முடிகிற பன்னிரண்டு நாள் திருவிழா. 1859இல் தொடங்கி, 1885 முதல் மினியாபொலிஸ், செயின்ட் பால் என்ற இரட்டை நகரங்களுக்கு நடுவே ஃபால்கன் ஹைட்ஸில் நடக்கிறது. 2019இல் 21 லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள். குச்சியில் குத்திய தீனிகளுக்கு வரிசை நீளும். எங்கள் ஆலோசனை: ஒரு பங்கை நான்கு பேர் பகிர்ந்துகொள்ளுங்கள், வறுத்த சீஸ் கட்டிகளை முதலில் சாப்பிடுங்கள், அவை ஆறினால் மெழுகு. வண்டியைப் புறநகர் நிறுத்தங்களில் விட்டு இலவசப் பேருந்தில் வருவது நல்லது, அரங்கைச் சுற்றி இடம் தேடினால் அரை நாள் போய்விடும்.

அந்தக் கூட்டத்துக்கு நடுவே, தேவாலயங்கள் நடத்துகிற சாப்பாட்டுக் கூடங்களைத் தேடிப் போங்கள். ஒரு காலத்தில் நிறைய இருந்தன, இப்போது விரல்விட்டு எண்ணலாம். ஹாம்லின் மெதடிஸ்ட் தேவாலயத்தின் கூடம் 1897 முதல் நடக்கிறது. பரிமாறுகிறவர்கள் அந்தச் சபையின் தொண்டர்கள். இங்கே ஹாம்லோஃப் என்ற பன்றிக்கறிச் சாப்பாடு பிரசித்தம். நிழலில் நாற்காலியில் உட்கார்ந்து தட்டில் சாப்பிடலாம் என்பதே அந்த வெயிலில் பெரிய விஷயம்.

சேலம் லூத்தரன் தேவாலயத்தின் கடைக்குக் காலையிலேயே போக வேண்டும், ஸ்வீடிஷ் முட்டைக் காபிக்காக. முட்டை வாடை வருமோ என்று பயப்பட வேண்டாம், வராது. கொரகொரப்பாக அரைத்த 60 கிராம் காபித்தூளில் ஒரு முட்டையையும் கால் கப் குளிர்ந்த நீரையும் விட்டுச் சேறு போலக் கலக்கி, கொதிக்கிற இரண்டு லிட்டர் தண்ணீரில் போடுவார்கள். மூன்று நிமிடம் கொதித்ததும் தீயை அணைத்து ஒரு கப் குளிர்ந்த நீர் ஊற்றினால், வெந்த முட்டை தூளையெல்லாம் கவ்விக்கொண்டு அடியில் போய் உட்கார்ந்துவிடும். வடிகட்டினால் தேன் நிறத்தில் தெளிந்த காபி, கசப்பே இல்லாமல். தூள் நைசாக இருந்தால் கலங்கும், பாத்திரம் சிறிதாக இருந்தால் பொங்கி வழியும். கும்பகோணம் டிகிரி காபியின் கெட்டியை இதில் எதிர்பார்க்காதீர்கள். பால், சர்க்கரை இல்லாமல் குடித்தால்தான் இதன் அருமை தெரியும்.

அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை இதே லூத்தரன் சபைகள் அடித்தளக் கூடங்களில் லூட்டஃபிஸ்க் பந்தி போடுகின்றன. நார்வேக்காரர்களின் கருவாடு என்று சொல்லலாம், உப்புப் போடாத காட் மீன் கருவாடு. அதை ஐந்தாறு நாள் தண்ணீரில், இரண்டு நாள் காஸ்டிக் சோடா கரைத்த காரநீரில், பிறகு அந்தக் காரம் போக நாள்தோறும் தண்ணீர் மாற்றி மறுபடி ஐந்தாறு நாள் ஊறவைப்பார்கள். வேகவைப்பதில் ஒரு நிமிடம் தவறினாலும் மீன் குழைந்து கஞ்சியாகிவிடும், ஆகவே முதல் பந்தியிலேயே உட்காருவது நல்லது, நேரமாக ஆக மீன் தளர்ந்துகொண்டே போகும். மீனில் சுவை குறைவு, மேலே ஊற்றுகிற உருக்கிய வெண்ணெயைத் தாராளமாகக் கேளுங்கள். நம் பந்தி போலவே இலைக்கு, அதாவது மேசைக்கு, வந்து திரும்பத் திரும்பப் பரிமாறுவார்கள். மீன் இறங்காவிட்டால் கறி உருண்டையும் லெஃப்சாவும் இருக்கும். லெஃப்சா உருளைக்கிழங்கு மாவில் மெல்லிசாகத் தேய்த்துச் சுட்ட சப்பாத்தி. வெண்ணெய் தடவி, சர்க்கரை தூவி, சுருட்டிச் சாப்பிடுங்கள். குழந்தைகள் இரண்டாவது கேட்பார்கள்.